கடைப் பார்லி ஏன் முளைக்கவில்லை, காட்டுப் பார்லி எங்கே முளைக்கிறது

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். அம்மாவுக்கு அவித்துக் கொடுக்க வாங்கிய பார்லி அரிசியில் ஒரு பிடியை மட்டக்களப்பு வெல்லாவெளி வளவில் விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை, ஏன் என்பது முதலாவது. குளத்து அலைகரையில் நீளமான வாலோடு கதிர் தள்ளி நிற்கிற புல் காட்டுப் பார்லியா என்பது இரண்டாவது. நெல்லு சரிவராத வாவியோர உவர்க் காணியில் மாரிக்குப் பார்லி போட்டுப் பார்க்கலாமா என்பது மூன்றாவது. பின்னிரண்டுக்கும் விடை, பார்லி எந்த மழையை நம்பி உருவான புல் என்பதில் கிடக்கிறது. முளைக்காத மணியின் கதை வேறு. அது ஆலையில் நடந்த வேலை, அதை முதலில் முடித்துவிடலாம்.

நெல்லைக் குற்றினால் உமி தானாகக் கழன்றுவிடும், ஏனென்றால் நெல்லில் உமிக்கும் அரிசிக்கும் இடையில் ஒட்டு இல்லை. பார்லியில் அப்படியில்லை. பூத்துப் பத்து நாளளவில் மணியின் தோலில் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு பசை ஊறி, உமியை மணியோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. பிறகு குற்றினாலும் புடைத்தாலும் போகாது, கல்லில் வைத்து உரசித்தான் எடுக்க வேண்டும். உமி போகும்வரை உரசினால் தவிடும் போகும், இன்னும் உரசினால் மணி உருண்டு முத்துப் போலாகும். கடையில் வெள்ளையாக விற்பது இந்த உருட்டிய பார்லிதான். ஒரு மணியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு தெரியும். அது மணியின் மடிப்பு, உரசும் கல் எட்டாததால் தவிடு தங்கிய ஒரே இடம். மணியின் ஒரு முனையில் சின்னக் குழி இருக்கும், அல்லது முனை தட்டையாகத் தேய்ந்திருக்கும். முளை இருந்த இடம் அதுதான். முளை போன மணியை எந்த மண்ணில் போட்டாலும் ஊறி அழுகுமே தவிர முளைக்காது. பச்சையரிசியை விதைத்து நெல்லை எதிர்பார்த்தது போலத்தான்.

முளைக்க வேண்டுமென்றால் உமியோடு இருக்கிற பார்லி வேண்டும். மாட்டுத் தீவனத்துக்கோ மால்ட் செய்யவோ வருவது அப்படி இருக்கும். அதிலும் எல்லாம் முளைக்கும் என்றில்லை. விதைநெல்லுக்குச் செய்கிற மாதிரியே 20 மணியை நனைத்த துணியில் சுற்றி நிழலில் வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். 20இல் 17க்குக் குறைந்தால் விதைக்கு உதவாது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் பையில் போட்டு எடுத்துவரச் சொல்ல வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதை இறக்க அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் காரணமும் உண்டு, தானியத்தோடு கூட வருகிற பூஞ்சையும் களைவிதையும் கண்ணுக்குத் தெரியாது.

இனி காட்டுப் பார்லி. பார்லியின் தமிழ்ப் பெயர் வாற்கோதுமை, வால் உள்ள கோதுமை. பேர் வைத்தவர் கதிரைப் பார்த்தே வைத்திருக்கிறார். அந்த வால்தான் இந்தப் புல்லின் முழு வாழ்க்கைக்கும் திறப்பு.

பயிர்ப் பார்லியின் நேரடி மூதாதை இன்னும் உயிரோடு இருக்கிறது. தாவரவியலில் பயிருக்கு ஹோர்டியம் வல்காரே என்று 1753இல் லின்னேயஸ் பெயர் வைத்தார். காட்டு வடிவத்துக்கு ஸ்பொன்டேனியம் என்று 1848இல் கார்ல் கோச் பெயர் வைத்தார். இரண்டும் தடையில்லாமல் கலந்து வளமான விதை தருவதால் இன்று ஒரே இனத்தின் இரு துணையினங்களாகவே கணக்கிடுகிறார்கள். காட்டுப் பார்லியின் சொந்த ஊர் மேற்காசியா. இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்தான், லெபனான், சிரியா, தென்கிழக்குத் துருக்கி, வட ஈராக், மேற்கு ஈரான் என்று பிறை வடிவில் வளைகிற நிலப்பகுதியில் அது ஏராளம். அங்கிருந்து மேற்கே ஏஜியன் கரைக்கும் லிபியாவின் வடகிழக்குக்கும், கிழக்கே துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் வழியாக திபெத் வரைக்கும் சிதறலாக இருக்கிறது.

அந்த ஊர்களில் அது எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். இலையுதிர் ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கிற கல்லுச் சரிவுகளில், மரத்துக்கு மரம் உள்ள வெயில் திட்டுகளில், யாரோ விதைத்த வயல் போல அடர்ந்து நிற்கும். கலிலேயக் கடலைச் சுற்றியுள்ள சரிவுகளில் அப்படிப் பார்க்கலாம். மழை குறையக் குறைய அது மேட்டைவிட்டுத் தாழ்வுக்கு இறங்கும். நெகேவ் போன்ற பாலைகளில், மழை வந்தால் மட்டும் ஓடுகிற வறண்ட ஆற்றுப் படுக்கைகளின் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு போட்டாற்போல நிற்கும். வீதியோரம், தோட்டத்து வேலி, இடிந்த சுவர், கோதுமை வயலின் வரம்பு என்று மனிதன் கிளறிய இடங்களிலும் தாராளமாக வரும். கடும் குளிர் அதற்கு ஆகாது, 1500 மீற்றருக்கு மேலே அபூர்வம். சாக்கடலை ஒட்டிக் கடல் மட்டத்துக்குக் கீழேயும் வளரும்.

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: மழை குளிர்காலத்தில் மட்டும், கோடை முழுக்கச் சொட்டு மழை இல்லை. காட்டுப் பார்லியின் ஆண்டு இதற்கேற்றபடி ஓடுகிறது. ஒக்டோபர், நவம்பரில் முதல் மழைக்கு முளைக்கும். குளிரில் தரையோடு படர்ந்து தூர் கட்டும். மார்ச்சில் தண்டு எழும்பி, ஏப்ரல், மே மாதத்தில் முற்றி உதிரும். உதிர்ந்த விதை உடனே முளைக்காது. நான்கைந்து மாதம் சூடான உலர் மண்ணில் கிடந்தால்தான் உறக்கம் தெளியும். தெளியாத விதைக்கு யூன் மாதத்தில் தப்பித் தவறி ஒரு மழை பெய்தாலும் அது ஏமாறாது. பாலைப் பக்கத்துக் குடிகளில் இந்த உறக்கம் இன்னும் ஆழமாக இருக்கும், அங்கே ஏமாந்தால் பிழைக்க வழியில்லை என்பதால்.

இப்போது வால். பார்லிக் கதிரை ஒரு ஏணி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியிலும் மூன்று சிறுகதிர்கள் அருகருகே உட்கார்ந்திருக்கும். படிகள் இடம் வலமாக மாறி மாறி வரும். இந்த 'மூன்று மூன்று' அமைப்பு ஹோர்டியம் பேரினத்துக்கே உரிய அடையாளம். கோதுமையில் ஒரு படிக்கு ஒன்றுதான். காட்டுப் பார்லியில் மூன்றில் நடுவில் உள்ளது மட்டும் மணி பிடிக்கும், பக்கத்து இரண்டும் மலடு. முற்றியதும் கதிரின் நடுக்காம்பு மேலிருந்து கீழாக மூட்டு மூட்டாகக் கழலும். கழன்று விழுகிற ஒவ்வொரு துண்டும் ஒரு அம்பு. கீழே காம்புத் துண்டு கூராக இருக்கும், நடுவில் மணி, பக்கத்தில் இரண்டு மலட்டுச் சிறுகதிர், பின்னால் நீண்ட வால். வாலை நுனியிலிருந்து அடி நோக்கி விரலால் தடவினால் கீறும், அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். முள்ளெல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. அதனால் காற்றில் அசைந்தாலும், ஆடு மாடு மிதித்தாலும், பகல் காய்ந்து இரவு பனியில் நனைந்து வளைந்தாலும் அம்பு முன்னோக்கித்தான் நகரும், மண் வெடிப்புக்குள் இறங்கும், பின்னால் வராது. மலட்டுச் சிறுகதிர்கள் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். அவை மெலிந்து கூராக இருப்பதால் அம்பு எளிதில் நுழைகிறது. மூன்றும் மணியாகி உருண்டுவிட்டால் நுழைய முடியாது.

இந்தக் கழலும் மூட்டுதான் காட்டுக்கும் பயிருக்கும் இடையிலான எல்லை. கழலாத செடி காட்டில் செத்துவிடும், மனிதன் கையில் பிழைக்கும். அரிவாளோடு போகிறவன் காம்பில் தங்கிய கதிரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான், அதிலிருந்துதான் விதைப்பான். யாரும் திட்டம் போடாமலே சில நூற்றாண்டுகளில் வயல் முழுக்கக் கழலாத செடியாகும். இதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, 2015இல் அடையாளம் காணப்பட்டன. மூட்டு கழல இரண்டும் வேலை செய்ய வேண்டும், ஏதாவது ஒன்று பழுதானால் போதும், கதிர் நின்றுவிடும். உலகத்துப் பார்லிகளில் ஒரு பகுதிக்கு முதலாவது பழுது, மறுபகுதிக்கு இரண்டாவது பழுது. ஆகவே மனிதன் இந்தப் புல்லைக் குறைந்தது இரண்டு தடவை தனித்தனியே பழக்கியிருக்கிறான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு வகையையும் கலந்தால், உதிராத தாய்க்கும் உதிராத தகப்பனுக்கும் உதிர்கிற பிள்ளை பிறக்கும். ஒருவரிடம் பழுதானது மற்றவரிடம் நன்றாக இருப்பதால் அப்படி. இந்த உதிரும் பிள்ளையை நினைவில் வையுங்கள், உங்கள் அலைகரைப் புல்லுக்கு இது தேவைப்படும்.

தொல்லியலார் இந்த எல்லையை ஒரு கருகிய துண்டில் பார்க்கிறார்கள். தானாகக் கழன்ற மூட்டில் வடு வழவழப்பாக இருக்கும், சூடடித்துப் பிய்ந்த மூட்டில் கிழிந்த முரட்டு வடு இருக்கும். ஒன்றிரண்டு முரட்டு வடுவைக் கண்டு பயிர் என்று சொல்லிவிட முடியாது. காட்டுப் பார்லியிலும் கதிரின் அடி மூட்டுகள் இறுக்கமாக இருப்பதால் 10 சதவீதம் வரை முரட்டு வடு வரும். கலிலேயக் கடற்கரையில் ஒகாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய எரிந்த குடிசைகளில் காட்டுப் பார்லி மணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பொறுக்கி அரைத்துத் தின்றிருக்கிறார்கள். யோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப் பார்லியைக் குவித்தே வைத்திருந்தார்கள். உதிராத பார்லி அதற்குப் பின்னால்தான் பெருகுகிறது. சிந்து வெளிக்கு மேற்கே பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் மிகப் பழைய படிவுகளிலேயே பார்லிதான் முதன்மைத் தானியம்.

பிறகு வந்த மாற்றங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, பக்கத்து மலட்டுச் சிறுகதிர்களும் மணி பிடித்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு வரிசையாக இருந்த கதிர் ஆறு வரிசையாகும். இதற்குரிய மரபணு 2007இல் தெரியவந்தது. பக்கச் சிறுகதிரை அடக்கி வைத்திருந்த ஒரு மரபணு கெட்டுப்போனதுதான் ஆறு வரிசை. மற்றது, மேலே சொன்ன பசை ஊறாத பார்லி. அதில் உமி நெல்லைப் போலக் கழன்றுவிடும். திபெத்திலும் இமயத்துப் பள்ளத்தாக்குகளிலும் 4000 மீற்றர் உயரத்திலும் அந்த வகையைத்தான் பயிரிட்டு, வறுத்து மாவாக்கி உண்கிறார்கள். அந்த மணி உங்கள் கையில் கிடைத்திருந்தால் உருட்டாமலே சமைக்கலாம், விதைத்தால் முளைத்தும் இருக்கும்.

ஹோர்டியம் பேரினத்தில் 30க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, மனிதன் பெரிய அளவில் பழக்கியது ஒன்றைத்தான். மேற்காசியாவும் மத்தியதரைக் கரையும், மத்திய ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று நான்கு வட்டாரங்களில் அவை பரவியிருக்கின்றன. எண்ணிக்கையில் தென் அமெரிக்காதான் பணக்கார ஊர், ஆர்ஜென்டினாவின் படகோனியாப் புல்வெளிகளில் அத்தனை வகை. அங்குள்ள சிலென்ஸே இனத்தை மக்கரோனிக் கோதுமையோடு கலந்து டிரைட்டார்டியம் என்ற புதுத் தானியத்தை ஸ்பெயினில் உண்டாக்கினார்கள். பூண்டு போல அடி பருத்த பல்போசம் மத்தியதரைக் கரையிலிருந்து மத்திய ஆசியா வரை வாழும் பல்லாண்டுப் புல். பயிர்ப் பார்லியோடு ஓரளவாவது கலக்கக்கூடிய வேற்றினம் அது ஒன்றுதான். அதன் மகரந்தத்தைப் பார்லிக்குத் தூவினால் கரு உண்டாகும், ஆனால் சில நாளில் பல்போசத்தின் நிறப்புரிகள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள், ஒவ்வொன்றாக வெளியேறிவிடும். மிஞ்சுவது தாயின் பாதி மட்டும் உள்ள கரு. அதைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து நிறப்புரியை இரட்டித்தால், ஏழெட்டுத் தலைமுறையாகத் தெரிவுசெய்து பெறவேண்டிய, குணம் மாறாத தூய வழியை ஒரே தடவையில் பெறலாம். 1970இல் வெளியான முறை, பார்லி வகைகள் பல இப்படி வந்தவை. முரினம் சுவரோரப் புல், மனிதன் போன மிதவெப்ப நாடெல்லாம் களையாகப் போயிற்று, அதன் வால் ஆட்டின் கண்ணிலும் ஈறிலும் ஏறிப் புண்ணாக்கும். நரிவால் போல அழகாக ஆடுகிற ஜுபாட்டம் வட அமெரிக்காவின் உவர்ச் சதுப்புகளில் வாழ்கிறது. அங்கேயே உள்ள புசில்லம் என்ற குட்டிப் பார்லியைப் பூர்வகுடிகள் ஒருகாலத்தில் தானியமாகப் பயிரிட்டார்கள், பின் கைவிட்டார்கள்.

மாரினம் என்ற இனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்வி அதைத் தொடுகிறது. அது மத்தியதரைக் கடலோர உவர்ச் சேற்றில் வாழ்கிறது. அதன் வேர் உப்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. தண்ணீர் தேங்கினால் வேருக்குள் காற்றறைகள் உண்டாகி, மேலிருந்து இறங்குகிற பிராணவாயு பக்கவாட்டில் கசியாமல் வேர் நுனிவரை போகும்படி வேரின் வெளிச்சுவர் அடைபடுகிறது. நெல்லின் வேரும் இதே வித்தையைத்தான் செய்கிறது. பயிர்ப் பார்லிக்கு அந்தச் சுவர் இல்லை.

உவர்க் காணிக்கு வருவோம். பார்லி உப்பைத் தாங்கும் என்று நீங்கள் எங்கோ படித்தது உண்மைதான். மண்ணின் உப்பை அளக்கும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். பார்லிக்கு எல்லை 8, அதற்கு மேல் அலகுக்கு 5 சதவீதம்தான் இழப்பு. தானியங்களில் உப்புக்கு இதைவிட நெஞ்சுரம் உள்ளது அபூர்வம். ஆனால் இந்த எண் வளர்ந்த பயிருக்குரியது, முளைக்கும்போது மேல்மண்ணில் 4, 5க்கு மேல் போகக் கூடாது. அடுத்து, உப்பு தாங்கும் என்பதும் வெள்ளம் தாங்கும் என்பதும் வேறு வேறு. வாவியோரக் காணியில் மாரியில் மழை உப்பைக் கழுவிவிடும், கூடவே தண்ணீரும் தேங்கும். பார்லியின் வேருக்கு மூச்சு முட்டி, இரண்டு மூன்று நாளிலேயே அடியிலை மஞ்சளாகி, ஒரு கிழமையில் பயிர் நின்றுபோகும். கோடையில் தண்ணீர் வடியும், ஆனால் உப்பு மேலே ஏறும், கச்சான் காற்றோடு வெயில் 33, 34 பாகைக்குப் போகும். நெல்லு சரிவராத அந்தக் காணி பார்லிக்கு இரண்டு போகத்திலும் அதைவிட மோசம். ஏ.ரி. 354 போல உப்பைத் தாங்கும் நெல்லினத்தை விதைப்பதுதான் காரியம்.

மேட்டு நிலத்தில், தண்ணீர் தேங்காமல் செய்தால்? கலண்டரைப் பார்த்தால் ஆசை வரும். காட்டுப் பார்லிக்கும் ஒக்டோபர், நவம்பரில் மழை தொடங்குகிறது, மட்டக்களப்புக்கும் அப்படியே. அங்கும் கோடை வறட்சி, இங்கும் கோடை வறட்சி. ஒற்றுமை அத்தோடு முடிகிறது. ஜெருசலேமில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 550 மில்லிமீற்றர். மட்டக்களப்பில் டிசம்பர் மாதத்துக்கு மட்டுமே சராசரி 350க்குக் குறையாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் குளிர். அங்கே மழைக்காலம் என்றால் இரவு 5, 6 பாகைக்கு இறங்குகிற காலம். இங்கே மாரி இரவிலும் 22, 23க்குக் கீழே போவது அரிது. பார்லி நிதானமாகத் தூர் கட்டி மணி நிரப்ப 15 முதல் 20 பாகை வேண்டும், பூக்கும் நேரத்தில் 30ஐத் தாண்டினால் மகரந்தம் மலடாகும்.

பகல் நீளம் போதாது என்று சிலர் சொல்வார்கள். பார்லி நீண்ட பகலை விரும்பும் புல் என்பதும், நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சுற்றியே இருக்கிறது என்பதும் சரி. ஆனாலும் அது தடையில்லை. எதியோப்பியா நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அடிஸ் அபாபா 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, மட்டக்களப்பு 7 பாகை 43 கலையில். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பார்லி முக்கிய உணவு. வித்தியாசம் உயரம்: அவர்கள் பயிரிடுவது 2000 மீற்றருக்கு மேலே. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும் என்று கணக்குப் போட்டால், நம்முடைய 27, 28 பாகை 17க்கு இறங்க 1600 மீற்றராவது ஏற வேண்டும். இலங்கையில் அந்த உயரம் நுவரெலியாப் பக்கம்தான். அங்கே புளிப்பு மண்ணும் ஓயாத ஈரமும் வேறு பிரச்சினை, புளிப்பு மண்ணின் அலுமினியத்துக்குத் தானியங்களிலேயே அதிகம் பணிகிறது பார்லி.

காட்டு விதையோ குளிர்காலப் பயிர் விதையோ கிடைத்து இங்கே போட்டால் இன்னொன்று நடக்கும். அவற்றுக்கு 10 பாகைக்குக் கீழே நான்கு முதல் எட்டுக் கிழமை குளிர் பட்டால்தான் கதிர் தள்ளும் கட்டளை திறக்கும். குளிர் படாவிட்டால் புல்லாகவே தழைத்து நின்று, வெயில் ஏறும்போது காய்ந்துவிடும். வசந்தகால வகைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆசைக்கு ஒரு சாடியில் வைத்துப் பார்க்க விரும்பினால் வசந்தகால வகையாக எடுங்கள். பன்னிரண்டு அங்குலச் சாடி, அடியில் ஓட்டை கட்டாயம். பாதி மணல், பாதி மக்கிய கூட்டெரு. டிசம்பர் கடைசியில் மழை சற்று ஓயும்போது 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் பத்து மணி போட்டு, முளைத்த பின் ஐந்தை விடுங்கள். மழை நேரடியாக விழாத, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். மூன்று கிழமையில் ஒரு தேக்கரண்டி யூரியாவை ஐந்து லீற்றர் நீரில் கரைத்து ஒரு தடவை ஊற்றினால் போதும். கூடினால் தண்டு சாயும். சூட்டில் செடி அவசரப்படும், தூர் இரண்டு மூன்றோடு நின்று, சீக்கிரமே குட்டைக் கதிர் தள்ளும், மணி சுருங்கியிருக்கும். இலையில் நீள்வட்டமாக மண்ணிறப் புள்ளி விழுந்தால் அது ஈரச் சூட்டில் பார்லிக்கு வருகிற பூஞ்சை, அந்த இலைகளைக் கிள்ளி எரியுங்கள், மற்றச் சாடிகளைத் தள்ளி வையுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது வலை போடாவிட்டால் தினைக்குருவி முடித்துவிடும்.

ஆட்டுக்குத் தட்டில் முளைப்புல் வளர்க்கப் பார்லி நல்லதா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஏழெட்டு நாளில் ஒரு கிலோ மணியிலிருந்து ஆறு கிலோ பச்சை வரும் என்பது சரி, ஆனால் கூடியது தண்ணீர். உலர்எடை பார்த்தால் முளைக்கிற செலவில் மணியில் இருந்ததைவிடக் குறைந்திருக்கும். எங்கள் சூட்டில் நாலாம் நாளே தட்டில் பூசணம் பிடிக்கும். சோளன் அதைவிட மலிவு, சூட்டையும் தாங்கும்.

கடைசியாக அலைகரைப் புல். அது பார்லி அல்ல, இலங்கையில் தானாக வளரும் ஹோர்டியம் இனம் எதுவும் இல்லை. வால் இருப்பதால் ஏமாற வேண்டாம். சேனைக் காட்டில் வேட்டியில் குத்துகிற ஊசிப்புல்லுக்கும் வால் உண்டு, கடற்கரை மணலில் உருளுகிற இராவணன் மீசையும் ஒரு புல்தான். கதிரை விட்டு இலை தண்டைச் சேரும் இடத்தைப் பாருங்கள். பார்லியில் அங்கே மயிரில்லாத இரண்டு வெளிறிய காதுகள் நீண்டு, தண்டைக் கட்டிப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நெல்லில் காது சிறியது, மயிருள்ளது, உள்ளே வெள்ளை நாக்கு நீண்டு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைவாலிக் களையில் காதும் இல்லை, நாக்கும் இல்லை. கதிரிலும் வித்தியாசம் தெளிவு. பார்லியில் மணிகள் காம்பில்லாமல் நடுத்தண்டில் ஒட்டியிருக்கும், நெல்லில் கிளை விட்டு ஒவ்வொரு மணியும் தனிக் காம்பில் தொங்கும்.

குளத்தோரம், வால், தொட்டால் உதிரும் மணி என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நெல்லின் காட்டுச் சொந்தம். இலங்கையில் காட்டு நெல்லினங்கள் ஐந்து உண்டு. கோடையில் வற்றுகிற குளங்களில் வருவது நிவாரா, ஓராண்டுச் செடி. வற்றாத நீரில் பல்லாண்டு நிற்பது ரூபிபோகன். மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடவிடுகிற ரைசோமேட்டிஸ் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பார்லிக்குக் கலிலேயச் சரிவு எப்படியோ, நெல்லுக்கு நம் குளத்தங்கரை அப்படி. குளத்துக்குள்ளேயே நிற்கிற செடியை வெட்ட வேண்டாம், அது உங்கள் வயலுக்குப் பெரிய கேடு செய்யாது.

அதே மாதிரிச் செடி வரவைக்குள், விதைத்த நெல்லுக்கு நடுவில் நின்றால் கதை வேறு. அது பன்றி நெல். அம்பாறைப் பக்கத்தில் 1990களின் தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது. பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்தோ, பயிரே பழைய குணத்துக்குத் திரும்பியோ உண்டாவது. மேலே சொன்ன உதிரும் பிள்ளையின் நெல் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு முன்னே முற்றி, அறுவடை இயந்திரம் இறங்குமுன் பாதியை மண்ணில் கொட்டிவிடும். நெல்லும் அதுவும் ஒரே இனம் என்பதால் வழக்கமான களைநாசினி எதுவும் பயிரை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லாது. செய்ய வேண்டியது விதைப்புக்கு முன். முதல் உழவுக்குப் பிறகு வயலை ஈரமாக மட்டும் வைத்து இரண்டு கிழமை விடுங்கள், மேல்மண்ணில் கிடப்பது முளைக்கும், மறுபடி உழுது புதையுங்கள். முடிந்தால் இன்னொரு தடவை. வீசி விதைக்காமல் நாற்று நட்டால் வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை என்று கண்ணுக்குத் தெரியும், தேக்கிய நீரில் புதிதாக முளைக்கவும் மாட்டாது. மிஞ்சியது பயிரைவிட உயர்ந்து, முந்திப் பூக்கும். பால் பிடிக்குமுன் கதிரை வெட்டிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள், வரம்பில் போட்டால் அங்கேயே முற்றி உதிரும். விதைநெல்லை அந்த வரவையிலிருந்து எடுக்காதீர்கள். அறுவடை இயந்திரம் வேறு வட்டையிலிருந்து வருமானால், உங்கள் வயலில் இறங்குமுன் தொட்டியையும் சங்கிலியையும் ஊதித் துப்புரவாக்கச் சொல்லுங்கள், நின்று பாருங்கள்.